காடு பட்ட கடன்

தோட்டத்துக் கடையில் பற்று வைத்து அரிசி வாங்கியவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். அரிசி வீட்டுக்கு வந்த அன்று துன்பம் ஏதுமில்லை. சம்பள நாளன்றுதான் கடைக்காரர் ஏட்டைப் பிரிப்பார். காடுகளுக்கும் இத்தகைய பற்றேடு ஒன்று உண்டு.

காட்டை வெட்டிய அன்றே அதில் வாழும் உயிரினங்கள் யாவும் மாண்டுபோவதில்லை. எஞ்சிய துண்டுக் காட்டில் அவை ஒண்டிக்கொள்கின்றன. ஆனால் அத்துண்டு நெடுங்காலம் தாங்கக்கூடிய அளவினும் அவை மிகுதி. ஆகவே பல ஆண்டுகள் கழித்து, ஒவ்வோர் இனமாய் மறைகின்றன. இதற்கு 1994இல் ஆய்வாளர் சிலர் 'அழிவுக் கடன்' என்று பெயரிட்டனர்.

அண்டை நாடான சிங்கப்பூரைப் பார்ப்போம். 1819இல் ராஃபிள்ஸ் வந்திறங்கியபோது அத்தீவு பெரும்பாலும் காடே. பின்னர் மிளகும், தோல் பதனிடவும் வெற்றிலையோடு மெல்லவும் பயன்பட்ட கேம்பியரும் பயிரிடக் காடு அழிக்கப்பட்டது. மண் சத்திழந்ததும் அவ்விடத்தைக் கைவிட்டு அடுத்த காட்டை வெட்டினர். கேம்பியர் இலையைக் காய்ச்ச விறகும் காட்டிலிருந்தே வந்தது. 1883இல் புக்கிட் தீமா குன்று காப்புக்காடானபோது, பழைய காட்டில் சிறு பகுதியே எஞ்சியிருந்தது. இன்று அக்காப்பகம் ஏறத்தாழ 163 எக்டர்.

ராஃபிள்ஸ் பட்டை மந்தி என்னும் கருநிறக் குரங்கு அக்குன்றில் மேலும் நூறாண்டு வாழ்ந்தது. 1986இல் ஒரு விரைவுச்சாலை குன்றை நடுக்காட்டினின்று பிரித்தது. 1987இல், அங்கிருந்த கடைசி மந்தியை நாய்கள் கடித்துக் கொன்றன. நாய்களைப் பழிப்பது எளிது. அவை வசூலிக்க வந்தவை மட்டுமே; கடன் பட்டது பாட்டன் காலத்தில்.

துண்டுக் காட்டில் மிஞ்சுபவை சில குடும்பங்களே. இணை தேடினால் உறவுக்குள்ளேயே தேட வேண்டும். ஒரு நோய் வந்தாலும் ஈடுசெய்யப் புதியவை வாரா. ஆகவே 'குரங்கு தென்படுகிறதே' என்று மகிழ்வது போதாது. குட்டி உண்டா, அக்குட்டி வளர்ந்து செல்ல வேறு காடு உண்டா என்றே நாம் கேட்க வேண்டும். மரங்களின் நிலையும் இதுவே. விதை சுமக்கும் பறவை போய்விட்டாலும் முதுமரம் ஆண்டுதோறும் காய்க்கலாம். தொலைவில் ஒரு கன்றும் முளைக்காது.

எனினும், கடனுக்குத் தவணை உண்டென்பதே இதிலுள்ள நல்ல செய்தி. வேலி போட்டுக் காப்பது மட்டும் போதாது. துண்டுகளை இணைக்க வேண்டும். 2013இல் அவ்விரைவுச்சாலைக்கு மேலே மரஞ்செடிகள் நட்ட பாலம் ஒன்று கட்டி முடிக்கப்பட்டது. நடுக்காட்டையொட்டிய மற்றொரு சாலைக்கு மேலே மந்திகளுக்கெனக் கயிற்றுப் பாலங்களும் கட்டப்பட்டன. ஜொகூரிலோ, இம்மந்திகள் செம்பனைத் தோட்டங்களுக்கிடையே விடுபட்ட காட்டுத் துண்டுகளிலும் வாழ்கின்றன. ஆற்றோரம் வெட்டாமல் விட்ட ஒரு வரிசை மரமும் அவற்றுக்குப் பாதையாகும்.

1990களில் பத்துப் பதினைந்தாகக் குறைந்திருந்த சிங்கப்பூர் மந்திகள் இன்று எழுபதுக்கு மேல். பெரியவை கருநிறம்; குட்டியோ வெண்ணிறமாய், முதுகில் கருங்கோட்டுடன் பிறக்கும். பச்சை இலைகளுக்கிடையே அவ்வெண்மை தெரிந்தால் அக்கூட்டத்தில் புதுவரவு என்று பொருள்.