மூளைப் புரதத்தில் ஒட்டும் சர்க்கரை

கேரளத்தில் தமிழர் வாழும் கொழிஞ்சாம்பாறையிலோ மறையூரிலோ ‘மூணு மாச சுகர்’ டெஸ்ட் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, கேரளத்தில் 20 வயது கடந்தவர்களில் 25.5 சதவீதம் பேருக்கு நீரிழிவு. ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் அது சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த அளவைத்தான் டெஸ்ட் சொல்கிறது.

மூளையில் நடப்பது வேறு. அங்கே செல்லே தேவை பார்த்து, புரதங்களில் ஒரு சின்ன சர்க்கரை மூலக்கூறைப் பொருத்துகிறது, கழற்றுகிறது. பொருத்த ஒரு நொதி, கழற்ற ஒரு நொதி. ஆயிரக்கணக்கான புரதங்களுக்கும் இந்த ஒரே ஜோடிதான்! செல்லுக்குள் இப்படி ஒரு வேலை நடப்பதை 1984-இல் அமெரிக்காவில் ஜெரால்டு ஹார்ட்டும் கார்மென் டோரஸும் கண்டுபிடித்தார்கள். இதன் பெயர் ஓ-கிளக்நாக்.

இப்படிச் சர்க்கரை ஏறும் புரதங்களில் முக்கியமானது டாவ். நரம்புச் செல்லின் நீண்ட கிளைக்குள் சத்துகளைக் கொண்டுபோகும் தண்டவாளம் மாதிரி நுண்குழாய்கள் உண்டு. அவற்றை உறுதியாக வைத்திருப்பது டாவ். அதன்மேல் பாஸ்பேட்டும் ஏறும். சர்க்கரை இருக்கும்வரை பாஸ்பேட் அளவு மீறுவதில்லை. அல்சைமர் என்ற மறதிநோயில் மூளை குளுக்கோஸை எடுத்துக்கொள்வது குறைகிறது. குளுக்கோஸிலிருந்து உருவாகும் இந்தச் சர்க்கரையும் டாவில் குறைந்திருப்பதை 2004-இல் ஓர் ஆய்வு காட்டியது. பாஸ்பேட் மிகுந்த டாவ் குழாயை விட்டுக் கழன்று, முடிச்சு முடிச்சாகத் திரள்கிறது. பார்க்கின்சன் நோயில் திரளும் ஆல்ஃபா-சைனூக்ளின் புரதத்தையும் இதே சர்க்கரை தடுப்பதைச் சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் மறையூர் வெல்லத்தைக் கூடுதலாகச் சாப்பிடலாமா? கூடவே கூடாது. வாயில் போடும் இனிப்பு டாவுக்குப் போய்ச் சேராது. கட்டுப்படாத நீரிழிவோ மறதிநோய்க்கான வாய்ப்பையே கூட்டும்.

டாவில் சர்க்கரை நிலைக்க, அதைக் கழற்றும் நொதியை மருந்தால் தடுத்துப் பார்த்தார்கள். எலிகளில் நல்ல பலன். ஆனால் செபரோக்னாஸ்டாட் என்ற மருந்து 2024-இல் மனிதச் சோதனையில் நினைவிழப்பைத் தடுக்கத் தவறியது. இந்த வழியை அதற்காகக் கைவிடக் கூடாது என்பது என் எண்ணம். முடிச்சு விழுமுன்பே மருந்து தொடங்கினால் என்ன ஆகும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

இன்றைக்குச் செய்யக்கூடியதும் உண்டு. மறதியை ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். பி12 குறைவு, தைராய்டு கோளாறு ஆகியவற்றால் வரும் மறதிக்குச் சிகிச்சை இருக்கிறது. அல்சைமர் குடும்பங்களுக்காக 1992-இல் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்பு பாலக்காட்டை அடுத்த திருச்சூர் மாவட்டத்துக் குன்னங்குளத்தில் பிறந்ததுதான். சித்தூரிலோ மூணாறிலோ பெரியவர்களை மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது, நினைவாற்றல் கேள்விகளைத் தமிழிலேயே கேட்கச் சொல்லுங்கள். மலையாளக் கேள்விக்குத் தடுமாறும் தோட்டத்துப் பாட்டிக்கு மறதிநோய் என்று எழுதிவிடக் கூடாது.