ஆற்றைப் பிரிந்த கரை

இலண்டன் மாநகரிலே, தேம்ஸ் நதியின் வடகரைப் பூங்கா ஒன்றில், மூன்று வளைவுகளும் உச்சியிற் சிங்க உருவங்களும் கொண்ட பழைய கல்வாயில் ஒன்று நிற்கின்றது. ஓடத்திலிருந்து இறங்குவோர் மாளிகைக்குள் நுழைவதற்காக 1626ஆம் ஆண்டளவிற் கட்டப்பட்டது அது. இன்றோ அதன் முன்னே ஓடமும் இல்லை, நீரும் இல்லை. ஏறத்தாழ 150 யார் தொலைவுக்கு அப்பாலேயே நதி ஓடுகின்றது. வாயில் இடம்பெயரவில்லை, நதியே அகன்றுவிட்டது. அது ஏன் அகன்றது என்பதை அறிய, அண்மையிலுள்ள ஸ்ட்ராண்ட் என்னும் வீதியின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

ஸ்ட்ராண்ட் என்னும் பழைய ஆங்கிலச் சொல்லுக்குக் கரை என்பது பொருள். அரசரும் பாராளுமன்றமும் வீற்றிருந்த வெஸ்ற்மின்ஸ்ரரையும், வணிகர் வாழ்ந்த பழைய இலண்டன் நகரையும் இணைத்துச் சென்ற கரைவழியே இவ்வீதியாயிற்று. இதன் நீளம் முக்கால் மைல் அளவினதே. எனினும், முடியும் பொருளும் ஒன்றையொன்று நாடிச் சென்ற வழியாதலின் இதன் சிறப்புப் பெரிது. தரைவழி சேறும் பள்ளமுமாய்க் கிடந்த அக்காலத்திற் பெருமக்கள் ஓடத்திற் செல்லவே விரும்பினர். ஆகவே, ஆயர்களும் பிரபுக்களும் வீதியின் தென்புறத்தில், ஆற்றை நோக்கி மாளிகைகளை எழுப்பினர்.

அம்மாளிகைகள் நிலைத்தனவா? ஜோன் ஒவ் கோண்ட் என்னும் அரசகுமாரனின் சவோய் மாளிகையை, தலைவரியால் வெகுண்டெழுந்த குடியானவர் 1381இல் தீக்கிரையாக்கினர். 1547இல் தம் மாளிகையைக் கட்டத் தொடங்கிய சொமசெற் கோமகன், 1552இல் கொலைக்களத்தில் மாண்டார். மேற்கூறிய கல்வாயிலை அமைத்த பக்கிங்ஹாம் கோமகன் 1628இல் குத்திக் கொல்லப்பட்டார். 1672இல் அவருடைய மகன் மாளிகையை விற்றபோது, அங்கே அமையும் தெருக்கள் தம் பெயரையும் பட்டத்தையும் தாங்கவேண்டும் என விதித்தார். அப்பெயரிலே இரு சொற்களை இணைத்து நின்ற ‘ஒவ்’ என்னும் சிற்றிடைச்சொல்லுக்குங்கூட ஒரு சந்து கிடைத்தது! மாளிகை மறைந்தது, பெயர் எஞ்சியது.

பிரபுக்கள் அகன்றபின் கடைகளும் நாடகசாலைகளும் பெருகின. நகரம் வளர்ந்தது, அதன் கழிவு முழுவதும் தேம்ஸ் நதியிற் கலந்தது. அந்நீரையே மக்கள் பலர் பருகினர். 1848, 1849ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி இலண்டனில் 14,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. 1858ஆம் ஆண்டுக் கோடையில் நதியின் துர்நாற்றம் பாராளுமன்ற மண்டபத்தினுள்ளும் புகுந்தது. ஏழையின் குடிலிற் பன்னாள் வீசிய நாற்றம் சட்டமியற்றுவோரின் நாசியை எட்டிய பின்னரே, வேண்டிய சட்டம் விரைந்து நிறைவேறிற்று.

பணி ஜோசப் பசல்ஜெற் என்னும் பொறியியலாளரிடம் இருந்தது. கழிவுநீர் நகரருகே நதியிற் கலவாதவாறு, அதனை இடைமறித்துக் கிழக்கே நெடுந்தூரம் கொண்டுசெல்லும் பெருங்கால்வாய்களை அவர் நிலத்தின்கீழ் அமைத்தார். தாழ்ந்த பகுதிக்குரிய கால்வாயை எங்கே அமைப்பது என்பதே சிக்கல். ஸ்ட்ராண்ட் வீதியைத் தோண்டினால் நகரின் போக்குவரத்தே தடைப்படும். ஆதலின், ஆற்றின் ஓரத்தைச் சுவரெழுப்பி மறித்து, நிலமாக்கி, அந்நிலத்தினுள் கால்வாயைப் பதித்தனர். அதனுடன் நிலக்கீழ்ப் புகையிரதப் பாதையும் இடம்பெற்றது. மேலே அகன்ற சாலையும் பூங்காக்களும் அமைந்தன. விக்ரோரியா அணைக்கரை எனப்படும் அச்சாலை 1870இல் திறக்கப்பட்டது.

இவ்வேலையின் பயன் முற்றுப்பெறும் முன்னரே புலனாயிற்று. 1866இல் வாந்திபேதி மீண்டும் வந்தபோது, புதிய வடிகால் இன்னும் எட்டாதிருந்த கிழக்கு இலண்டனிலேயே அது பெரிதும் கொன்றது. அதன்பின் அந்நோய் அம்மாநகரைக் கொள்ளைநோயாய்ப் பீடிக்கவில்லை.

தமிழ் நேயர்களுக்கும் இவ்வீதி முற்றிலும் அந்நியமானதன்று. பி.பி.சி.யின் தமிழோசை, 2012 வரை பல்லாண்டுகள் ஒலித்த புஷ் மாளிகை, இவ்வீதியை அடுத்தே நிற்கின்றது.

கரை என்னும் பெயர் பூண்ட வீதி தன் ஆற்றை இழந்தது. ஆயினும், அதனை எந்தப் பகைவனும் கவர்ந்திலன். மாந்தரின் உயிரைக் காத்தற்பொருட்டே அது விலக்கப்பட்டது. கோமகன் தன் பெயர் நிலைக்கத் தெருக்களை விட்டுச்சென்றான். பொறியியலாளரின் பெரும்பணியோ, நடப்போர் காலடியிலே, கண்ணிற்படாது இன்றும் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கின்றது.