அப்பாவின் முதல் காதலும் மகளின் முதல் காதலும்

பதின்வயதுக் காதலைச் சொல்லும் படங்களில் பெற்றோருக்கென்று ஒரு வேலை முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. முதலில் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு தெரியவரும். அடிப்பார்கள், அழுவார்கள், படிப்பை நிறுத்துவதாக மிரட்டுவார்கள். முடிவில் ஒன்று மனம் இளகுவார்கள், இல்லாவிட்டால் கடைசிவரை எதிரிகளாகவே நிற்பார்கள். பிள்ளையின் நெஞ்சு படபடப்பதைக் காட்ட இசையும் மழையும் ஒளியும் உண்டு. அதே படபடப்பு ஒரு காலத்தில் அந்த அப்பாவுக்கும் இருந்திருக்கும், அது எங்கே போயிற்று என்று கேட்கப் பெரும்பாலான படங்களுக்கு நேரமில்லை. தைவான் இயக்குநர் எட்வர்ட் யாங் 2000-இல் எடுத்த 'யி யி' அந்தக் கேள்வியைக் கேட்கிறது. ஒரு வீட்டில் பிள்ளை காதலிக்கத் தொடங்கும்போது அங்கே புதிதாக ஒன்றும் நுழைந்துவிடுவதில்லை, அந்த வீட்டுப் பெரியவர்கள் முடிக்காமல் விட்ட ஒன்று வேறொருவரிடம் மறுபடி தொடங்குகிறது என்பது அந்தப் படத்தின் கட்சி. அதை அது வசனத்தால் வாதாடவில்லை, காட்சிகளை அடுக்கிய விதத்தாலேயே நிறுவுகிறது.

யாங் ஷாங்காயில் 1947-இல் பிறந்தவர். சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பத்தோடு தைவானுக்கு வந்தார். மின்பொறியியல் படித்து, அமெரிக்காவில் சியாட்டில் நகரில் கணினித் துறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்த பிறகே சினிமாவுக்குத் திரும்பினார். அவர் எடுத்த முழுநீளப் படங்கள் ஏழு. 'யி யி' கடைசி. அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருதை அவருக்குப் பெற்றுத் தந்த படமும் அதுதான். 2007-இல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு அறுபது வயது நிறையவில்லை. படத்தின் கதை தைபே நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடக்கிறது. கணினி நிறுவனம் ஒன்றின் பங்குதாரரான என்.ஜே., அலுவலக வேலைக்குப் போகும் மனைவி மின்-மின், உயர்நிலைப் பள்ளி மாணவி டிங்-டிங், எட்டு வயதுச் சிறுவன் யாங்-யாங், மின்-மின்னின் வயதான அம்மா. மின்-மின்னின் தம்பிக்குக் கல்யாணம் நடக்கும் நாளில் பாட்டி மயங்கி விழுந்து நினைவிழக்கிறாள். அதே நாளில் கல்யாணம் நடக்கும் ஹோட்டலின் லிஃப்ட் வாசலில், தன் முதல் காதலி ஷெரியை முப்பது வருடம் கழித்து என்.ஜே. எதிர்ப்படுகிறான். அன்றைக்கு ஏன் வரவில்லை, நான் எவ்வளவு நேரம் காத்திருந்தேன் தெரியுமா என்று அவள் கேட்கிறாள். அவனிடம் பதில் இல்லை.

படத்தின் இதயம் ஜப்பானில் நடக்கும் பகுதி. தொழில் விஷயமாக ஓட்டா என்ற விளையாட்டு மென்பொருள் வல்லுநரைச் சந்திக்க என்.ஜே. டோக்கியோவுக்குப் போகிறான், ஷெரியும் அங்கே வந்துவிடுகிறாள். இருவரும் ரயிலேறிக் கடலோர ஊரொன்றுக்குப் போய், பழைய கதை பேசிக்கொண்டே நடக்கிறார்கள். அதே நாளில் தைபேயில் டிங்-டிங், பக்கத்து வீட்டு லிலியை விட்டு விலகியிருந்த பையனோடு முதன்முறையாக வெளியே போகிறாள். எல்லாரும் அவனைப் பட்டப்பெயரால் ஃபேட்டி என்றே அழைக்கிறார்கள். யாங் இந்த இரண்டு சந்திப்புகளையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார். அதோடு நிற்காமல், ஒரு ஊரின் பேச்சை இன்னொரு ஊரின் படத்தின்மேல் ஓடவிடுகிறார். தைபேக்கும் டோக்கியோவுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம் என்ற பேச்சு காதில் விழும்போது கண்ணுக்குத் தெரிவது மகள். சினிமாவுக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் அருகே நின்றபோது ஷெரியின் கையை முதன்முதலாகப் பிடித்ததை என்.ஜே. நினைவுகூர்கிறான், திரையில் சாலையைக் கடக்கக் காத்திருக்கும் டிங்-டிங்கும் ஃபேட்டியும் கைகோக்கிறார்கள். அன்றிரவு ஹோட்டலில் என்.ஜே. இரண்டு அறைகள் கேட்கிறான். தைபேயில் ஒரு ஹோட்டல் அறைவரை வந்துவிட்ட ஃபேட்டி, இது சரியில்லை என்று சொல்லிவிட்டு ஓடிப்போகிறான். இதற்கு நடுவில் சிறுவன் யாங்-யாங், தன்னைச் சீண்டும் பள்ளிச் சிறுமி ஒருத்தி நீச்சலடிப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டுத் தொட்டியில் தண்ணீரை நிரப்பி முகத்தை அமுக்கி மூச்சடக்கிப் பழகுகிறான். எட்டு வயது, பதின்வயது, நாற்பதுகளின் நடு. மூவருக்கும் ஒரே பாடம் ஒரே நேரத்தில் நடக்கிறது. மூவரில் யாருக்கும் மற்ற இருவரைப் பற்றித் தெரியாது.

இங்கே ஓர் ஆட்சேபம் நியாயமாகவே எழும். அப்பா செய்ததை மகளின் காதலனும் செய்கிறான், வரலாறு திரும்புகிறது, யாரும் எதையும் மாற்ற முடியாது என்கிறதா படம்? ஊர் திரும்பிய என்.ஜே. தன் மனைவியிடம் சொல்வது அப்படித்தான் ஒலிக்கிறது: இளமையை இன்னொரு முறை வாழ்ந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தது, வேறு மாதிரி நடக்கும் என்று நினைத்தேன், பழையபடியேதான் முடிந்தது, இரண்டாவது வாய்ப்பு உண்மையில் தேவையே இல்லை என்று அவன் உணர்கிறான். இதை விதிவாதம் என்று எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் காட்சிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் ஒப்புமைக்குள்ளேயே பிளவு தெரியும். முப்பது வருடத்துக்கு முன் என்.ஜே. ஒரு வார்த்தை சொல்லாமல் மறைந்துபோனவன். ஜப்பானில் அவன் ஷெரியின் அறை வாசலில் நின்று, உன்னைத் தவிர வேறு யாரையும் நான் நேசித்ததே இல்லை என்று சொல்கிறான். அதைச் சொல்ல அவனுக்கு அரை வாழ்க்கை ஆகியிருக்கிறது. மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போகிறவள் ஷெரி. பிரிவு பழைய பிரிவுதான். ஆனால் இம்முறை பேச வேண்டியது பேசப்பட்டுவிட்டது, தூக்கிச் சுமந்தவன் இறக்கி வைத்துவிட்டான். பழைய தவறைத் திருத்தவில்லை என்றாலும், அவனால் அதற்குப் பெயர் சொல்ல முடிகிறது. ஒருவன் வளர்ந்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளத்தை நான் எந்தப் பதின்வயதுப் படத்திலும் கண்டதில்லை. அது இங்கே ஒரு நடுவயதுக்காரனுக்கு வாய்க்கிறது. என்.ஜே.யாக நடித்த வூ நியென்-ஜென் தொழில்முறையில் திரைக்கதை எழுத்தாளர், தைவானின் புதிய சினிமாவைக் கட்டியவர்களில் ஒருவர். முகத்தில் எதையும் வலிந்து காட்டாமல் அந்த வாக்கியத்தை அவர் சொல்வதால்தான் அது நம்பும்படி இருக்கிறது.

டிங்-டிங்கின் பக்கம் இன்னும் வலி மிகுந்தது, படத்தில் என்னை அதிகம் உலுக்குவதும் அதுதான். பாட்டி விழுந்த நாளில் குப்பைப் பையைக் கீழே கொண்டுபோய்ப் போடும் வேலை அவளுடையது. மறந்துவிட்டாள். குடியிருப்பின் குப்பைத்தொட்டிப் பக்கத்தில் பாட்டி விழுந்து கிடந்ததைக் கேட்டதிலிருந்து, தான் விட்டுவந்த பையைத்தான் பாட்டி எடுத்துப் போயிருக்க வேண்டும் என்று அவள் நினைக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. இரவில் பாட்டியின் படுக்கையருகே உட்கார்ந்து, கண் விழித்து என்னை மன்னித்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்று கெஞ்சுகிறாள். காதல் அவளிடம் வந்து சேர்வது இந்தக் குற்றவுணர்வுக்கு நடுவில்தான். முதலில் லிலிக்கும் ஃபேட்டிக்கும் இடையில் கடிதம் கொண்டுபோகிறவளாக இருக்கிறாள்; அப்புறம் அவளே காதலியாகிறாள்; கொஞ்ச நாளில் அவன் லிலியிடமே திரும்பிவிடுகிறான், தெருவில் நின்று டிங்-டிங்கைப் பார்த்துக் கத்துகிறான். இந்தப் பெண் எதையுமே செய்வதில்லை, எல்லாம் அவளுக்கு நடக்கிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. அவள் பள்ளிக்காக வளர்க்கும் பூச்செடியைக் கவனித்தால் இந்தக் குறை நிற்காது. எல்லாருடைய செடியும் பூத்துவிட, அவளுடையது மட்டும் மொட்டுக்கூட விடவில்லை. அளவுக்கு மீறி உரம் போட்டுவிட்டாய் என்று கூடப் படிக்கும் பெண்கள் கேலி செய்கிறார்கள். டிங்-டிங் கை கட்டி நிற்பவள் இல்லை. எதற்கும் தான்தான் பொறுப்பு என்று அளவுக்கு மீறி அக்கறைப்படுபவள், அந்த அக்கறைக்கு வீட்டில் ஒரு பங்காளி இல்லாதவள்.

ஏன் இல்லை? நினைவிழந்த பாட்டியோடு வீட்டார் தினமும் பேச வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஒருநாள் மின்-மின் உடைந்து அழுகிறாள்: அம்மாவிடம் தினமும் ஒரே விஷயத்தையே சொல்கிறேன், காலையில் என்ன, மதியம் என்ன, இரவில் என்ன என்று, சில நிமிடங்களில் என் நாள் முடிந்துவிடுகிறது, எப்படி என்னிடம் இவ்வளவு குறைவாக இருக்கிறது என்கிறாள். பிறகு மலைமேல் இருக்கும் ஒரு மடத்துக்குப் போய்விடுகிறாள். ஆக, மகள் முதல் காதலைச் சந்திக்கும் நாட்களில் அம்மா வீட்டிலில்லை, அப்பா ஜப்பானில். இதைப் பெற்றோரின் அலட்சியம் என்று படம் குற்றப்பத்திரிகை வாசிக்கவில்லை. அவர்களுக்கும் அதே வயதுக் கேள்வி வந்து நிற்கிறது, அதற்குப் பதில் தேடிப் போகிறார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளை வளர்க்க வேண்டியவர்கள் முதலில் வளர்ந்து முடித்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே பொய் என்பதை இந்த வீடு காட்டுகிறது.

படத்தின்மேல் வைக்கப்படும் கனமான குற்றச்சாட்டு கொலையைப் பற்றியது. லிலியோடும் அவள் அம்மாவோடும் தொடர்பிலிருந்த ஆங்கில ஆசிரியரை ஃபேட்டி கொன்றுவிடுகிறான். இத்தனை மென்மையாக நகரும் கதையில் இது பத்திரிகைச் செய்திபோல வந்து விழுகிறது, தொனியைக் கெடுக்கிறது என்கிறார்கள். தொனி உடைவது உண்மை. ஆனால் அந்த அதிர்ச்சியை நாம் ரசிக்க யாங் இடம் தரவில்லை. கொலை நடப்பதைக் கேமரா காட்டவே இல்லை. தொலைக்காட்சிச் செய்தியில் வீடியோ விளையாட்டுப் பொம்மைகள் குத்திக்கொள்வதுபோல ஒரு சித்திரிப்பு மட்டும் ஓடுகிறது. டிங்-டிங்கோடு சினிமா பார்த்துவிட்டு உட்கார்ந்து பேசும்போது இதே ஃபேட்டி, சினிமா வந்த பிறகு மனிதர்கள் மூன்று மடங்கு வாழ்கிறார்கள் என்று தன் மாமா சொன்னதைச் சொல்கிறான். நாம் யாரையும் கொன்றதில்லை, ஆனாலும் கொலை எப்படி இருக்கும் என்று சினிமாவால் தெரியும் என்கிறான். திரையில் பார்த்ததையே அனுபவம் என்று எடுத்துக்கொண்ட ஒரு பையன், சொந்த வலி வந்தபோது என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான். யாங்குக்கு இது புதிய பொருளல்ல. 1961-இல் தைபேயில் ஒரு பதின்வயதுப் பையன் ஒரு பெண்ணைக் கொன்ற உண்மைச் சம்பவத்தை வைத்து 1991-இல் ஏறத்தாழ நான்கு மணி நேரப் படம் எடுத்தவர் அவர். இளம் பருவத்துக் காதல் இனிமையான நினைவாகவும் மாறலாம், உயிரையும் குடிக்கலாம். எந்தப் பக்கம் சாயும் என்பது பக்கத்தில் காது கொடுக்க ஆள் இருந்தாரா என்பதையும் பொறுத்தது. என்.ஜே.யும் ஃபேட்டியும் ஹோட்டல் அறை வாசலில் ஒரே மாதிரித் தயங்கியவர்கள். ஒருவன் குடும்பஸ்தன் ஆனான், மற்றவன் கொலைகாரன் ஆனான். வரலாறு அப்படியே திரும்புகிறது என்ற வாதத்தை இதைவிட உறுதியாக மறுக்க முடியாது.

படம் 173 நிமிடம் ஓடுகிறது, முகங்களை நெருங்கிக் காட்டுவது அபூர்வம், பாதி நேரம் மனிதர்களைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்துதான் பார்க்கிறோம் என்று சலித்துக்கொள்பவர்களைப் புரிந்துகொள்ள முடிகிறது. இரவில் அலுவலகத்தில் தனியே நிற்கும் மின்-மின்னின்மேல் நகரத்து விளக்குகள் கண்ணாடியில் பிரதிபலித்து ஓடுகின்றன; அவள் எங்கே முடிகிறாள், ஊர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பக்கத்தில் போய்க் கண்ணீரைக் காட்டியிருந்தால் அவள் ஒருத்தியின் துக்கமாகச் சுருங்கியிருக்கும். தள்ளி நிற்பதால் அவளோடு அந்தக் கட்டடத்தின் மற்ற ஜன்னல்களையும் எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. சிறுவன் யாங்-யாங் இதையே தன் வழியில் செய்கிறான். நமக்கு முன்னால் இருப்பதுதான் தெரிகிறது, பின்னால் இருப்பது தெரிவதில்லை, அப்படியானால் பாதி உண்மைதான் தெரியுமா என்று அப்பாவைக் கேட்டவன், கேமராவும் கையுமாக எல்லாருடைய பிடரியையும் படமெடுக்கிறான். உங்களால் பார்க்க முடியாது, அதனால்தான் எடுத்தேன் என்று மாமாவிடம் அவருடைய பின்னந்தலைப் படத்தை நீட்டுகிறான்.

கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் படத்தில் அப்பாவும் மகளும் தங்கள் காதலைப் பற்றி ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை. என்.ஜே. தன் கதையை மனைவியிடம் சொல்கிறான், மகளிடம் சொல்லவில்லை. டிங்-டிங் தன் கதையை நினைவில்லாத பாட்டியிடம் சொல்கிறாள், அப்பாவிடம் சொல்லவில்லை. அன்றைக்கு ரயில்வே கேட் அருகே தான் பட்டதைத் தன் பெண்ணும் பட்டாள் என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியாது. சமரசக் காட்சி ஒன்றை வைத்து இருவரையும் கட்டிப்பிடித்து அழவிட்டிருக்கலாமே என்று ஆசைப்படுவது இயல்பு; பார்ப்பவருக்கும் மனம் ஆறியிருக்கும். அப்படி வைத்திருந்தால் அந்தப் பேச்சு திரையிலேயே நடந்து முடிந்திருக்கும். இப்போது இரண்டு கதைகளையும் சேர்த்து அறிந்தவர் பார்வையாளர் ஒருவர்தான். அவர் ஒரு பதின்வயதுப் பிள்ளைக்குப் பெற்றோராகவோ, பெற்றோருக்குப் பிள்ளையாகவோ இருந்தால், என்.ஜே.யும் டிங்-டிங்கும் பேசாமல் விட்டது தம் வீட்டில் யாரிடம் பாக்கி நிற்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.