மொட்டைமாடி சோலார்: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

"சார், கவர்மென்ட் ஸ்கீம். இனிமே இ.பி. பில்லே கட்ட வேண்டாம். ஆனா இந்த மாசத்தோட முடியுது."

காலிங் பெல் அடித்து, டேப்லெட்டில் படம் காட்டும் சேல்ஸ் இளைஞர் சொல்வதில் முதல் பகுதி உண்மை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். காலம் 2026-27 நிதியாண்டு வரை. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். திட்டத்தின் பெயரிலேயே 'இலவச மின்சாரம்' இருப்பது விற்பவருக்குப் பெரிய வசதி. பேனல் இலவசமில்லை என்பதைச் சொல்லும் பொறுப்பு யாருக்கும் இல்லை!

மானியத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுபவர், உங்கள் மின் கட்டண அட்டையைக் கேட்கிறாரா என்று பாருங்கள். பெரும்பாலும் கேட்க மாட்டார். கேட்டால் வியாபாரம் படுத்துவிடும்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். 300 யூனிட் ஓடும் வீட்டின் பில் 2024 ஜூலை கட்டணப்படி ஏறத்தாழ 700 ரூபாய். வருடம் முழுக்கச் சேர்த்தாலும் 4,500 தாண்டாது. அந்த வீட்டில், மானியம் போக லட்ச ரூபாய்க்கு மேல் கைப்பணம் போட்டு மூன்று கிலோவாட் மாட்டினால், போட்ட காசைப் பார்ப்பதற்குள் பிள்ளைக்குக் கல்யாணமாகிவிடும். இரண்டு ஏ.சி. ஓடி 1,000 யூனிட்டைத் தொடும் வீட்டின் கதை வேறு. அங்கே மேல் படிகளில் யூனிட் 10 ரூபாயைத் தாண்டுகிறது. மூன்று கிலோவாட் நல்ல வெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் 12 யூனிட் தரும். பில் பாதிக்கு மேல் குறையும். சோலார் உண்மையிலேயே லாபம். இந்த இரண்டு வீட்டுக்கும் ஒரே நோட்டீஸைக் கொடுத்து, ஒரே சேமிப்புக் கணக்கைக் காட்டுவதுதான் நடக்கிறது. பெரிய மோசடி என்று எனக்குத் தோன்றுவது இதுதான். ஆள் ஓடிப்போவதெல்லாம் இதற்கு அப்புறம்.

அடுத்தது, "கரன்ட் போனாலும் உங்க வீட்ல லைட் எரியும்." பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் அமைப்பில் எரியாது. லைனில் வேலை பார்க்கும் ஊழியர்மீது மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, வாரிய மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். உச்சி வெயிலில்கூட.

'25 வருட வாரன்ட்டி' பெரும்பாலும் பேனலின் உற்பத்தித் திறனுக்குத்தான். இன்வெர்ட்டருக்கு வேறு கணக்கு, அது பல வருடம் குறைவு. உள்நாட்டில் தயாரான செல் கொண்ட பேனலுக்கு மட்டுமே இந்த மானியம் உண்டு. விலை குறைவாக இருக்கிறதே என்று மற்ற பேனலைத் தலையில் கட்டினால், மானியம் போய்விடும். மாட்டிய பேனலின் வரிசை எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று மாடியேறிப் பாருங்கள்.

மானியம் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே நேராக வரும். "நாங்களே வாங்கித் தர்றோம், ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க" என்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளலாம். விற்பனையாளர் இந்தத் திட்டத்தின் தேசிய இணையதளப் பட்டியலில் இருக்கிறாரா என்பதையும் அவர் கொடுக்கும் லிங்க்கில் தேடாமல், நீங்களே தளத்தைத் திறந்து பாருங்கள். கடைசித் தவணையை, வீட்டிலிருந்து வெளியே போகும் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டர் பொருத்திய பிறகே தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மீட்டர் வராமல் பேனல் மட்டும் வெயில் காயும் வீடுகள் உண்டு.

அமெரிக்காவில் வீடு தேடி வந்து விற்ற பொருளை மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்ய வாங்கியவருக்கு உரிமை உண்டு. இங்கே அந்த மூன்று நாளை நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்: டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காமல்.

ஏமாந்த பிறகும் வழி இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அங்கே வாய்ப்பேச்சு எடுபடாது. ஆகவே அந்த இளைஞர் சொன்ன மாதச் சேமிப்பையும் வாரன்ட்டியையும் அப்படியே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பாதி வாக்குறுதி அப்போதே காணாமல் போகும்.