உங்களுக்குத் தெரியுமா? நிறத்தை அளக்கும் ஒளி

டில்லி கோல் மார்க்கெட்டிலிருந்து நடந்தே போய்விடலாம், லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரிக்கு. பெண்கள் டாக்டராக வேண்டும் என்பதற்காகவே 1916இல் திறக்கப்பட்ட கல்லூரி அது. அங்கே மட்டுமல்ல, கர்ப்பிணிகளுக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் தவறாமல் பார்க்கும் சோதனை ஹீமோகுளோபின். டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. அந்த எண்ணைச் சொல்வது ஒளிதான்!

எப்படி? ட்ராப்கின் எனும் வேதிக் கரைசல் 5 மில்லியில் 0.02 மில்லி ரத்தத்தைக் கலப்பார்கள். ஹீமோகுளோபின் நிலையான நிறமுள்ள ஒரு சேர்மமாக மாறும். அதற்குள் 540 நானோமீட்டர் பச்சை ஒளியைச் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்ப்பார்கள். செந்நிறக் கரைசலுக்குப் பச்சை ஒளி எதற்கு? சிவப்பு ஒளியை அது பெரும்பாலும் விட்டுவிடும், பச்சையைத்தான் விழுங்கும். ஹீமோகுளோபின் கூடினால், இந்த விழுங்கலைக் குறிக்கும் உறிஞ்சளவு என்ற எண்ணும் அதே விகிதத்தில் கூடும். அளவு தெரிந்த ஒரு மாதிரியோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். இன்றைய தானியங்கிக் கருவிகள் பலவற்றில் சயனைடு கலந்த அந்தக் கரைசல் போய்விட்டது, ஒளி போகவில்லை.

உறிஞ்சளவு 1 என்றால் 10 சதவீத ஒளி கடக்கிறது. 2 என்றால் வெறும் 1 சதவீதம். அடர்ந்த கரைசலை நீர்க்கச் செய்து அளப்பது இதனால்தான்.

இந்தக் கணக்குக்குப் பாடப் புத்தகத்தில் பீர்–லாம்பர்ட் விதி என்றே பெயர் இருக்கும். லாம்பர்ட் எழுதியது 1760இல், பீர் 1852இல். ஆனால் 1729லேயே இதைத் தொடங்கிவைத்தவர் பிரான்சின் பியர் பூகேர். அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

நம்மவர் ஒருவரும் இதில் உண்டு. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து 1925இல் பாஸ்பரஸை அளக்கும் முறையை வெளியிட்டார். மாலிப்டேட்டும் ஒடுக்கும் வேதிப்பொருளும் சேர்த்தால் நீலம் பிறக்கும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். உடலின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை 1929இல் இவர்கள் கண்டறியக் கைகொடுத்ததும் இந்த முறைதான். எவ்வளவு பெரிய காரியம்! நம் பிள்ளைகளுக்கு இவர் பெயர் இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும்.

கரைசலுக்கு மட்டுமல்ல, காற்றுக்கும் இதே கணக்குதான். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி இருக்கும் மந்திர் மார்கில் காற்றுக் கண்காணிப்பு நிலையம் ஒன்று உண்டு. இத்தகைய நிலையங்களில் ஓசோனை அளக்க 254 நானோமீட்டர் புற ஊதா ஒளி. ஓசோன் அதை நன்றாக விழுங்கும். எட்டு மணி நேரச் சராசரிக்கு இந்தியாவின் வரம்பு, கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம்.