காப்பிக்காய்த் துளைப்பானும் அதன் குடல்வாழ் நுண்ணுயிர்களும்

போடிநாயக்கனூர், சிலமலை முதலிய அடிவாரத்து ஊர்களுக்கு மேலே உயர்ந்து செல்லும் ஏலமலைச் சரிவுகளில் ஏலம், மிளகு ஆகியவற்றுடன் காப்பியும் பயிராகின்றது. காப்பிப் பயிரின் சத்துருக்களுள் கொடியது காய்த் துளைப்பான் என்னும் சிறு வண்டு. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இவ்வண்டு, இந்தியாவில் முதன்முதலாக 1990ஆம் ஆண்டில் நீலகிரி ஜில்லாவிலுள்ள கூடலூரில் காணப்பட்டது. பின்னர் தென்னிந்தியாவின் பல காப்பிப் பிரதேசங்களுக்கும் பரவிற்று. ஆகையால் காப்பித் தோட்டமுடைய ஒவ்வொருவரும் இதன் இயல்பை அறிந்திருத்தல் அவசியம்.

பூச்சியின் வாழ்க்கை

பெண் வண்டு கரிய நிறமுடையது, எள்ளினும் சிறியது, ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமே உள்ளது. இது காயின் நுனியிலுள்ள வட்டத்தில் குண்டூசி முனையளவு துவாரமிட்டு, உள்ளே சென்று, கொட்டையைக் குடைந்து முட்டையிடுகிறது. வெளிவரும் வெண்ணிறப் புழுக்கள் கொட்டையையே உண்டு வளர்ந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, வண்டாக மாறுகின்றன. முட்டை முதல் வண்டு வரையில் ஏறக்குறைய ஒரு மாத காலம் ஆகும். ஆண் வண்டுகளோ மிகச் சில. அவற்றால் பறக்க இயலாது. உடன்பிறந்தவற்றுடன் காயினுள்ளேயே இணைந்த பெண் வண்டுகள் வெளியேறி வேறு காய்களைத் தேடிச் செல்லும். எனவே ஒரே காயிலிருந்து பல காய்களுக்குக் கேடு விளைகிறது.

நஞ்சை உண்டு வாழ்வது எங்ஙனம்?

காப்பிச் செடியைத் தின்னும் பூச்சிகள் 850 வகைகளுக்கு மேல் உண்டென்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றுள் பல இலையையும் தண்டையும் வேரையும் உண்பனவேயன்றி, கொட்டையை மட்டுமே உணவாகக் கொண்டு தலைமுறை தலைமுறையாக வாழ வல்லவை அல்ல. இதற்குக் காரணம் கொட்டையிலுள்ள காபீன் என்னும் பொருள். அரபிகாக் கொட்டையில் இது நூற்றுக்குச் சுமார் 1 பங்கும், ரொபஸ்டாவில் சுமார் 2 பங்கும் இருக்கும். மனிதனுக்கு உற்சாகம் தரும் இப்பொருள் பூச்சிகளுக்கு நஞ்சாகும். செடி தன் வித்தைக் காத்துக்கொள்ளும் ஆயுதமும் இதுவே. அவ்வாறிருக்க, இச்சிறு வண்டினம் மட்டும் நஞ்சின் நடுவே பிறந்து வளர்வது எவ்வாறு என்ற கேள்வி எழுகின்றது.

2015ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்கு விடையளித்தது. அமெரிக்காவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்தவர்களும் அந்நாட்டு விவசாய இலாகாவைச் சேர்ந்தவர்களும் கூடி இதனை நடத்தினர். பல காப்பி நாடுகளிலிருந்து பெற்ற வண்டுகளின் குடலை அவர்கள் சோதித்தபோது, காபீனைச் சிதைத்து அதையே தம் உணவாக்கிக்கொள்ளும் பாக்டீரியாக்கள் பல இனமாக அங்கு வாழ்வது தெரியவந்தது. சூடோமோனாஸ், பான்டோயா, என்டரோபாக்டர் முதலியவை அவற்றுட் சில.

பிறகு வண்டுகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கலந்த உணவு கொடுக்கப்பட்டது. குடல் பாக்டீரியாக்கள் நீங்கிய அவ்வண்டுகளின் எச்சத்தில் காபீன் சிதையாமல் வெளிப்பட்டது. அவற்றின் முட்டைகளும் புழுக்களும் தொகையிற் பெரிதும் குறைந்தன. சூடோமோனாஸ் ஃபுல்வா என்னும் ஓரினத்தை மீண்டும் குடலிற் சேர்த்தவுடன் காபீன் முன்போலவே சிதைந்தது. ஆகவே நஞ்சை வெல்லும் வல்லமை வண்டினுடையதன்று. அதன் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுடையது என்பது தெளிவாயிற்று.

தோட்டக்காரர் அறியத்தக்கது

இதைக் கேட்டவுடன், நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தோட்டத்தில் தெளித்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றலாம். அது தகாத செயல். மருந்துக் கரைசல் காயினுள்ளே மறைந்திருக்கும் பூச்சியின் குடலைச் சென்றடையாது. மேலும் காபீனைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் ஓரினமல்ல, பலவாகையால், ஒன்று அழியினும் மற்றொன்று அதன் வேலையைச் செய்யக்கூடும். மண்ணிலுள்ள நன்மை தரும் உயிர்களும் இதனால் கெடும். மனிதருக்கும் கால்நடைகளுக்கும் வேண்டிய மருந்துகளும் நாளடைவில் பயனற்றுப்போகும்.

பாக்டீரியாவின் துணை எவ்வளவு இருப்பினும், காயில்லாவிடில் இவ்வண்டினம் விருத்தியாக முடியாது. ஆகையால் அதற்குக் காய் கிடைக்காமற் செய்வதே சிறந்த சிகிச்சை. அதற்கான முறைகள் வருமாறு:

1. பழம் பறிக்கும்போது செடியில் ஒரு காயும் விடாமல் சுத்தமாகப் பறிக்கவேண்டும். காலந்தப்பிக் காய்த்தவற்றையும் நீக்கிவிட வேண்டும்.

2. பறிக்கும்போது செடியின் கீழ்ப் படுதா விரித்துக்கொள்ளல் நலம். அப்படியும் உதிர்ந்தவற்றைப் பொறுக்கியெடுக்க வேண்டும். தரையிற் கிடக்கும் உலர்ந்த காய்களில் தங்கும் வண்டுகளே கோடை மழை பெய்தவுடன் வெளிப்பட்டு, அடுத்த போகத்துக் காய்களைத் தாக்குகின்றன.

3. துளைபட்ட காய்களைக் கொதிநீரில் ஓரிரு நிமிஷம் அமிழ்த்திப் பூச்சியைக் கொன்றபின் உலர்த்தவேண்டும்.

4. பார்ச்மெண்டுக் காப்பியை நூற்றுக்கு 10 பங்கு ஈரம் நிற்கும் வரையிலும், காய்க் காப்பியில் அரபிகாவை 10.5 பங்கும் ரொபஸ்டாவை 11 பங்கும் நிற்கும் வரையிலும் உலர்த்தவேண்டும். அவ்வளவு உலர்ந்த கொட்டையில் பூச்சி பெருகாது.

5. பெவேரியா என்னும் பூஞ்சணத்தைத் தெளிப்பதும், சாராய வாசனையால் வண்டைக் கவரும் பொறிகளைத் தொங்கவிடுவதும் துணை முறைகளாகும். துளையிடத் தொடங்கும் வண்டின்மீது படும்போதே பூஞ்சணம் நன்கு பலன் தரும்.

ஒருவர் மட்டும் இவற்றைச் செய்து, அயல் தோட்டத்தார் உதிர்ந்த காயைத் தரையில் விட்டுவைப்பாராயின், வண்டு வேலி தாண்டி வரும். ஒரு சரிவிலுள்ள தோட்டக்காரர் அனைவரும் ஒரே காலத்தில் கூடிச் செய்தாலன்றி முழுப் பயன் கிட்டாது. காய் பொறுக்குவதற்குக் கொடுக்கும் கூலி வீண் செலவன்று. அது அடுத்த ஆண்டின் மகசூலுக்குச் செய்யும் காவலேயாகும்.