வலிக்காத காயத்துக்கே அதிகம் பயப்பட வேண்டும்: நீரிழிவும் பாதப் பராமரிப்பும்

மிதிவெடியிலும் எறிகணை வீச்சிலும் ஒரு காலை இழந்த பலர் இன்று நாற்பது, ஐம்பது வயதைக் கடந்துவிட்டார்கள். செயற்கைக்காலுடன் வயலுக்கும் கடைக்கும் போய்க் குடும்பத்தைத் தாங்கியவர்கள் இவர்கள். நீரிழிவு பரவலாகத் தலைகாட்டும் வயதும் இதுதான். இவர்களுக்கு எஞ்சியிருக்கும் ஒற்றைப் பாதத்தில் வரும் ஒரு சிறு கொப்புளம், நடமாட்டத்தையே பறித்துவிடக்கூடும். இரண்டு கால்களும் உள்ள சலரோகக்காரருக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆனால் நேரத்தோடு கவனித்தால் பெரும்பாலான கால் இழப்புகளைத் தடுக்கலாம்.

பாதத்தில் என்ன நடக்கிறது?

குருதியில் சீனி நீண்டகாலம் கூடியிருந்தால் பாத நரம்புகள் பழுதடைகின்றன. முதலில் விறைப்பும் எரிவும் வரும். பிறகு உணர்ச்சியே குறைந்துவிடும். முள் குத்தினாலும், செருப்பு கடித்தாலும், கோயில் வீதியின் சுடுமணல் கொப்புளம் போட்டாலும் தெரியாது. வியர்வை குறைவதால் தோல் வறண்டு குதிக்கால் வெடிக்கும். குருதிக்குழாய்கள் ஒடுங்குவதால் காயம் ஆறத் தேவையான இரத்தம் போய்ச் சேராது. கிருமியை எதிர்க்கும் ஆற்றலும் குறைந்திருக்கும். இதனால் தோலில் தொடங்கும் தொற்று சதைக்கும் எலும்புக்கும் இறங்கிவிடுகிறது.

ஆகவே, "நோகவில்லைத்தானே" என்று காயத்தை விட்டுவிடக் கூடாது. நோக வேண்டிய காயம் நோகாமல் இருப்பதே ஆபத்தின் அறிகுறி. போரில் காலில் காயப்பட்டு நரம்பு அறுந்தவர்கள், பழைய தழும்பு உள்ளவர்கள் அந்த இடங்களை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு நாளும் செய்யவேண்டியவை

• இரவு படுக்குமுன் உள்ளங்கால், குதிக்கால், விரலிடுக்குகளைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பார்க்கலாம். கண்பார்வை குறைந்தவருக்கு வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

• காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடையுங்கள். சுடுதண்ணீரில் ஊறவைப்பதும் ஒத்தடம் கொடுப்பதும் வேண்டாம். கால் வெந்தாலும் தெரியாது.

• வெடிப்புகளுக்குக் கிறீம் பூசலாம். விரலிடுக்கில் பூசக் கூடாது.

• நகத்தை நேராக வெட்டுங்கள். ஆணிக்கால், தடித்த தோலைப் பிளேட்டால் சீவ வேண்டாம்.

• வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். குதிக்காலில் பட்டி உள்ள, மென்மையான அடியுள்ள பாதணி நல்லது. போடுமுன் உள்ளே கையை விட்டுக் கல், ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். கோயிலுக்கு வெயில் ஏறுமுன் போய் வாருங்கள்.

• சுருட்டு, பீடி, சிகரெட்டை விடுங்கள். அவை குருதிக்குழாயை மேலும் ஒடுக்கும்.

செயற்கைக்கால் அணிபவர்கள்

நல்ல கால் கூடுதல் பாரத்தைத் தாங்குவதால், அதன் உள்ளங்காலில் தோல் தடித்துக் காய்ச்சுப்போகும். அதன் அடியிலேயே புண் உருவாகலாம். செயற்கைக்கால் பொருந்தும் இடத்தையும் நாளாந்தம் பாருங்கள். சிவப்போ கொப்புளமோ இருந்தால் செயற்கைக்காலைக் கழற்றி வைத்துவிட்டு, அதைச் செய்து தந்த நிலையத்தில் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். உடல் நிறை மாறினாலும் அது பொருந்தாமல் போகும்.

காயம் வந்தால்

சுத்தமான தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றோ மறுநாளோ வைத்தியரிடம் காட்டுங்கள். அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். மஞ்சள், சாம்பல், பச்சிலை வைத்துக் கட்டுவது நாட்களை வீணாக்கும், கிருமியையும் சேர்க்கும். ஆணியோ முள்ளோ குத்தியிருந்தால் ஏற்புத் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

வீக்கம், சூடு, சிவப்பு, சீழ், துர்நாற்றம் ஆகியவை தொற்றின் அடையாளங்கள். கறுத்த தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. இரண்டு கால்களையும் தொட்டுச் சூட்டை ஒப்பிடுங்கள். காரணமின்றிச் சீனி கூடுவதும் ஓர் எச்சரிக்கை. காய்ச்சல், நடுக்கம், விரல் கறுத்தல், சிவப்பு மேலே பரவுதல் இருந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இலவச 'சுவசெரிய' அம்புலன்ஸை 1990 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

சிகிச்சை எப்படி நடக்கும்?

இறந்த சதையை அகற்றுவார்கள். சீழ் இருந்தால் வெளியேற்றுவார்கள். தொற்று உள்ள காயத்துக்கு அன்டிபயோட்டிக் தரப்படும். சதையில் மட்டும் தொற்று என்றால் பெரும்பாலும் ஒன்று, இரண்டு கிழமைகள் போதும். எலும்பில் என்றால் ஆறு கிழமைகளும் ஆகலாம். புண் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் இடையில் நிறுத்தக் கூடாது. காலுக்கு இரத்தம் போகிறதா என்று பார்ப்பதும், சீனியைக் கட்டுப்படுத்துவதும், புண்ணில் பாரம் விழாமல் வைத்திருப்பதும் மருந்தளவுக்கு முக்கியம். நடந்துகொண்டே இருந்தால் உள்ளங்கால் புண் ஆறாது.

சில வேளை உடலைக் காப்பாற்ற ஒரு விரலை எடுக்கச் சொல்வார்கள். ஏற்கெனவே ஒரு காலை இழந்தவருக்கு அதைக் கேட்பதே பெரும் வேதனை. ஆனால் பயத்தில் நாட்களைக் கடத்தினால் விரலோடு நிற்க வேண்டியது முழங்கால்வரை போய்விடலாம்.

அடுத்த கிளினிக்கில், கேட்கும்வரை காத்திராமல் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டுங்கள். உணர்ச்சியையும் நாடித்துடிப்பையும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். உணர்ச்சி குறைந்தவர்களும் ஒரு காலை இழந்தவர்களும் அதைவிட அடிக்கடி காட்ட வேண்டும்.